மந்திரத்தின் எல்லை: தமிழ்க் காப்பியங்களும் கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளும்

ஆய்வுச் சுருக்கம்

கதைமாந்தர் ஒருவரின் நிலையை ஏற்று, அவருக்காக முடிவெடுத்து ஆடும் ஆட்டம் பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும். 1974-இல் அச்சிட்ட விதிநூலாக அமெரிக்காவில் வெளிவந்த இவ்வகை, சில ஆண்டுகளிலேயே கணினிக்கும் வந்தது. வீரன், கள்வன், மந்திரவாதி எனப் பல பாத்திரங்கள் இவ்வாட்டங்களில் உண்டு. அவற்றுள் ஆடுவோர்க்கு நிறைவு தரும்படி அமைப்பதற்கு அரிதாக இருந்துவருவது மந்திரவாதிப் பாத்திரமே. மந்திரம் எதையும் செய்யுமாயின் ஆட்டத்தில் இடர் இல்லை. எதையும் செய்யாதாயின் மந்திரவாதி தேவையில்லை. இச்சிக்கலுக்கு ஆக்குநர்கள் கண்ட தீர்வுகளை வரலாற்று முறையில் தொகுத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவகசிந்தாமணி ஆகியவற்றில் மந்திரம் அமைந்துள்ள முறையோடு ஒப்பிட்டு, மந்திரத்தின் நிறைவு அதன் ஆற்றலில் அன்று, எல்லையிலேயே பிறக்கிறது என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மந்திரம், பாத்திரமேற்பு விளையாட்டு, சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவகசிந்தாமணி, கணினி விளையாட்டு வரலாறு.

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்திற்கு இலக்கணம் வகுக்கிறது. நிறைமொழி உடைய மாந்தர் தம் ஆணையாற் கூறும் மறைமொழியே மந்திரம் என்பது அதன் கருத்து. இவ்விலக்கணத்தில் மூன்று கூறுகள் உள்ளன. சொல்வோர்க்குத் தகுதி வேண்டும். சொல் ஆணையாக அமைய வேண்டும். அச்சொல் எல்லார்க்கும் வெளிப்படாததாக இருத்தல் வேண்டும். தகுதி, ஆணை, மறைவு என்னும் இம்மூன்றும் மந்திரத்தின் எல்லைகளாகவும் அமைகின்றன.

இன்றைய மாணவர் பலர் மந்திரம் என்னும் கருத்தைக் காப்பியங்களின் வழியாக அறிவதற்கு முன்பே கணினி விளையாட்டுகளின் வழியாக அறிகின்றனர். அவற்றுள் மந்திரவாதியாக ஆடுதற்கு ஏற்றது எது என்னும் வினா ஆடுவோரிடையே ஓயாது எழுவதாகும். கண்ணைக் கவரும் ஒளியும் தீயும் பெரும்பாலான விளையாட்டுகளில் உள்ளன. ஆயினும் அவற்றுள் சிலவே நிறைவு தருகின்றன. இதன் காரணத்தை ஆராய்வது விளையாட்டு வரலாற்றுக்கும் காப்பிய வாசிப்புக்கும் ஒருசேரப் பயன்படும். இரண்டிற்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டென இக்கட்டுரை கருதவில்லை. ஒரே சிக்கலை இருவேறு மரபுகள் எதிர்கொண்ட முறையே இங்கு ஒப்பிடப்படுகிறது.

பாத்திரமேற்றலும் முடிவெடுத்தலும்

பாத்திரம் ஏற்றல் தமிழ்நாட்டு ஊர்களுக்குப் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் இதற்கொரு சான்றாகும். மதுரை மறைப்பணித்தளத்தின் வரலாற்றில் இடம்பெற்ற இவ்வூரில் புஷே அடிகளார் பழைய கோவிலை எழுப்பினார். புதிய ஆலயம் 1747-இல் கட்டப்பெற்றது. வீரமாமுனிவரும் இங்குப் பணியாற்றியுள்ளார். உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி இவ்வூரில் நிகழும் பாஸ்கா நாடகமும் அதனைத் தொடரும் தேர்த் திருவிழாவும் அப்பகுதியில் பெயர்பெற்றவை.

பாஸ்காவிலும் தெருக்கூத்திலும் பாத்திரம் ஏற்பவர் அப்பாத்திரமாகவே நிற்கிறார். ஆனால் கதையின் முடிவை மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. சிலுவையும் உயிர்ப்பும் முன்னரே அறியப்பட்டவை. பாத்திரமேற்பு விளையாட்டில் நிலைமை வேறு. பாத்திரத்தை ஏற்பவரே முடிவெடுக்கிறார். அம்முடிவின் விளைவைச் சூதுக்காயும் விதிநூலும் அல்லது கணினியும் தீர்மானிக்கின்றன. எனவே, விளையாட்டில் அருஞ்செயல் ஒன்று நிகழவேண்டுமாயின், அதற்கு முன்னரே வகுத்த விதி வேண்டும். கிறித்தவத் தமிழ் வழக்கில் 'புதுமை' எனப்படுவது இறைவனின் அருளால் நிகழ்வது. மாந்தர் விரும்பியபோது எடுத்தாள்வதற்குரியதன்று. விளையாட்டுக்குரிய மந்திரமோ விரும்பியபோது எடுத்தாளத்தக்கது. இதனாலேயே அதற்கு எல்லை தேவைப்படுகிறது.

கொடும்பாளூர்ப் பிரிவழி

எல்லையுடைய மந்திரம் எவ்வாறு இருக்கும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சிறந்த சான்றாகும். ஆவூர் அமைந்துள்ள அதே மாவட்டத்தின் கொடும்பாளூரே அதன் களம். மதுரை செல்லும் வழியைக் கேட்ட கோவலனிடம், கொடும்பைக் குளக்கரையை அடைந்ததும் வழி சிவபெருமானின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையோன் கூறுகிறான்.

இடப்பக்க வழி திருமால் குன்றத்திற்குச் செல்வது. அங்குள்ள பிலத்தில் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் உள்ளன. முதலாவது ஐந்திர நூலறிவைத் தரும். இரண்டாவது பழம்பிறப்பை உணர்த்தும். மூன்றாவது விரும்பியதைத் தரும். பிலத்துள் நுழைவோர் மலையை மும்முறை வலம்வர வேண்டும். அங்குத் தோன்றும் வரோத்தமை என்னும் தெய்வப்பெண் இம்மை இன்பம், மறுமை இன்பம், இரண்டும் அல்லாத நிலைபேறு ஆகியவை பற்றி வினவுவாள். விடை சொல்வோர்க்கே கதவு திறக்கும். விடை சொல்லாதவர்க்கும் துன்பம் செய்யாமல் வழியிற் கொண்டுவிடும் ஏற்பாடும் அங்கு உண்டு. பொய்கையில் ஆடுவோர் ஐந்தெழுத்தையும் எட்டெழுத்தையும் நினைந்து ஓதுதல் வேண்டும்.

வழித்தேர்வு, காவல், வினா, தோல்விக்குரிய விதி, மூன்று பரிசுகளுள் ஒன்றைத் தெரிதல் எனத் தெளிந்த படிநிலைகள் இதில் அமைந்துள்ளன. இவை அனைத்தையும் கவுந்தியடிகள் மறுத்துவிடுகிறார் என்பதும் நோக்கத்தக்கது. அறநெறியில் நிற்போர்க்கு அப்பேறுகள் பொய்கையில் ஆடாமலே கிடைக்கும் என்பது அவர் கருத்து.

பின்னர் இடைவழியில் செல்லும்போது நீர்வேட்கையுற்ற கோவலன் பொய்கைக்குச் செல்கிறான். கானுறை தெய்வம் வசந்தமாலையின் வடிவில் அவனை மயக்க முற்படுகிறது. மறையோன் கூறியதை நினைவுகூர்ந்த அவன், வஞ்சம் நீக்கும் மந்திரத்தைச் சொல்கிறான். தெய்வம் தன் உண்மையை வெளிப்படுத்தி அகல்கிறது. ஆனால் மதுரையில் பொற்கொல்லனின் வஞ்சத்திற்கு முன் கோவலனிடம் மந்திரம் ஏதும் இல்லை. தெய்வத்தின் வஞ்சத்தை நீக்கிய சொல் மனிதனின் வஞ்சத்திற்கு எதிராகச் சொல்லப்படுவதே இல்லை. காப்பியத்தின் துயரம் இவ்வெல்லையைச் சார்ந்து நிற்கிறது.

மணிமேகலையின் மூன்று மந்திரங்கள்

மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களை அறிவுறுத்துகிறது. ஒன்று வேற்றுருக் கொள்ளச் செய்வது. ஒன்று வான்வழி செல்லச் செய்வது. ஒன்று பசியை நீக்குவது. காப்பியம் இவற்றை எண்ணிக்கையில் சுருக்கி, ஒவ்வொன்றையும் கதைப்போக்கில் பயன்படுத்துகிறது.

பசி நீக்கும் மந்திரம் மணிமேகலையின் பசியை மட்டுமே நீக்கும். பிறர் பசியைப் போக்க அமுதசுரபி என்னும் பாத்திரம் வேண்டும். அப்பாத்திரத்திலும் கற்பின் செல்வியாகிய ஆதிரை முதற்பிச்சை இடவேண்டும். தன்னலத்திற்குரிய ஆற்றலையும் பொதுநலத்திற்குரிய ஆற்றலையும் காப்பியம் இவ்வாறு பிரித்துவைக்கிறது.

வேற்றுருக் கொள்ளும் மந்திரம் இன்னும் கூர்மையானது. உதயகுமரனிடமிருந்து விலகுதற்காக மணிமேகலை காயசண்டிகையின் உருவை ஏற்கிறாள். காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே எண்ணுகிறான். ஐயமும் சினமும் கொண்டு உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். மந்திரம் பிழையின்றிப் பலித்தது. ஆனால் அதன் விளைவு ஒரு கொலையாக முடிந்தது. பின்னர்ச் சிறையில் அரசமாதேவி இழைக்கும் கொடுமைகளிலிருந்து தப்புதற்கு மந்திரங்கள் மீண்டும் உதவுகின்றன. இளைஞன் ஒருவன் ஏவப்பட்டபோது அவள் ஆணுருக் கொள்கிறாள். உணவின்றி அடைக்கப்பட்டபோது பசி நீக்கும் மந்திரத்தால் வாடாதிருக்கிறாள்.

காயசண்டிகையின் கதை மந்திரத்தை இழத்தலைக் கூறுகிறது. விருச்சிக முனிவரின் கனியைக் காலாற் சிதைத்தமையால், வான்வழி செல்லும் மந்திரத்தை அவள் மறக்கிறாள். யானைத்தீ நோயும் அவளைப் பற்றுகிறது. நோய் தீர்ந்து பறந்து செல்லும்போது விந்தமலைக்கு மேலே செல்லலாகாது என்னும் எல்லையை மீறுகிறாள். விந்தாகடிகை அவளது நிழலைப் பற்றி இழுத்து வயிற்றில் அடக்கிக்கொள்கிறாள். பறத்தல் இயலும், ஆனால் எங்கும் பறத்தல் இயலாது.

சீவகசிந்தாமணியில் சுதஞ்சணன் சீவகனுக்குத் தருவனவும் மூன்று மந்திரங்களே. இனிய குரல் தருவதும், நஞ்சு முதலியவற்றை நீக்குவதும், வேண்டிய உருவைத் தருவதும் அவை. நஞ்சு நீக்கும் மந்திரம் பதுமையார் இலம்பகத்திலும், உருமாற்று மந்திரம் சுரமஞ்சரியார் இலம்பகத்தில் முதியவன் வடிவிலும் பயன்படுகின்றன. சிலவே தந்து அவற்றை நன்கு பயன்கொள்ளும் முறை இரு காப்பியங்களுக்கும் பொதுவாக உள்ளது.

மறக்கும் மந்திரம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பாத்திரமேற்பு விளையாட்டின் முதல் விதிநூலாகக் கொள்ளப்படுகிறது. போர்க்கள ஆட்டங்களிலிருந்து கிளைத்தது இது. படைகளுக்கு இடையே சமநிலை பேணுதல் அவ்வாட்டங்களின் அடிப்படை. எனவே மந்திரவாதியின் ஆற்றலை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பது தொடக்கத்திலேயே எழுந்த வினாவாகும்.

அதற்கான விடையை ஜாக் வான்ஸ் 1950-இல் எழுதிய 'தி டையிங் எர்த்' என்னும் புனைகதை நூலிலிருந்து அவர்கள் பெற்றனர். மந்திரவாதி நூலைப் பார்த்து மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை சொன்னதும் அது நினைவிலிருந்து அகன்றுவிடும். முதற்படியிலுள்ள மந்திரவாதிக்கு ஒரே ஒரு மந்திரம், கவசமும் அணியலாகாது. எதை ஏற்றிக்கொள்வது என்று முன்னரே சிந்திப்பதும், எப்போது சொல்வது எனக் காத்திருப்பதும் ஆட்டத்தின் சுவையாயின. காயசண்டிகைக்கு மறதி தண்டனை. இங்கு மறதி அன்றாட விதி.

1981-இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் ஆகியோர் ஆக்கிய 'விசர்ட்ரி' இம்முறையைக் கணினியில் நிலைநிறுத்தியது. மந்திரங்கள் ஏழு படிகளாக வகுக்கப்பட்டன. 'ஹலிட்டோ', 'டில்டோவெயிட்' எனப் புனைந்த பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. ஆடுபவர் அப்பெயரைப் பிழையின்றித் தட்டச்சிட வேண்டும். மறைமொழி என்னும் சொல்லுக்கு இயன்ற அளவு நெருங்கிய ஏற்பாடாக இதனைக் கொள்ளலாம்.

அளவும் பொருளும்

இரண்டாவது தீர்வு, மந்திர ஆற்றலை எண்ணால் அளப்பதாகும். 1986-இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' மந்திரப் புள்ளிகளைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு மந்திரமும் சில புள்ளிகளைச் செலவழிக்கும். ஓய்வெடுத்தால் அவை மீளும். இம்முறை எளிது, பிற்காலத்தில் மிகப் பரவியதும் இதுவே. ஆயினும் இதில் மந்திரம் பணப்பையை ஒத்ததாகிவிடுகிறது. செலவு உண்டு, சிந்தனை குறைவு.

மூன்றாவது தீர்வு, பொருளைத் தேடச் செய்வதாகும். ரிச்சர்ட் கேரியட் 1985-இல் வெளியிட்ட 'அல்டிமா 4' என்னும் விளையாட்டில் ஜின்செங் வேர், பூண்டு, சிலந்தி நூல், கருமுத்து முதலிய எட்டு மூலப்பொருள்கள் உள்ளன. இவற்றை உரிய முறையில் முன்னரே கலந்து வைத்திருந்தால்தான் மந்திரம் பலிக்கும். அவற்றுள் இரண்டு அரிய பொருள்கள் கடையில் கிடைப்பதில்லை. குறித்த இடத்திற்குச் சென்று தேடிப் பெறவேண்டும். அந்த ஆட்டத்தின் இலக்கு பகைவனை வெல்வது அன்று. எட்டு அறப்பண்புகளில் தேர்ச்சி பெறுவதே இலக்கு. ஆற்றலைத் தகுதியோடு இணைத்த வகையில் இவ்விளையாட்டு தொல்காப்பிய இலக்கணத்தின் முதற்கூற்றை நினைவூட்டுகிறது.

எழுத்தும் கோவையும்

நான்காவது தீர்வு, மந்திரத்தை ஒரு மொழியாக அமைத்தலாகும். 1987-இல் வெளிவந்த 'டன்ஜன் மாஸ்டர்' இருபத்து நான்கு குறியீடுகளைத் தந்தது. ஆற்றலின் அளவு, பூதம், வடிவம், சார்பு என நான்கு வகைகளில் வகைக்கு ஆறாக அவை அமைந்தன. எக்குறிகளைச் சேர்த்தால் என்ன விளையும் என்பதை ஆடுபவர் ஓலைகளிலிருந்தோ முயன்று பார்த்தோ கண்டறிந்தார். திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் தேர்ச்சி வளர்ந்தது. பிரான்சின் ஆர்க்கேன் நிறுவனம் 2002-இல் ஆக்கிய 'ஆர்க்ஸ் ஃபேட்டலிஸ்' சுட்டியால் குறிகளை வெளியில் வரையச் செய்தது. கை நடுங்கினால் மந்திரம் பிழைத்தது. இவ்வமைப்புகளில் பாத்திரம் கற்பதோடு ஆடுபவரும் கற்கிறார். ஆட்டம் முடிந்த பின்னும் அவ்வறிவு அவரிடமே நிற்கிறது.

2002-இல் வெளிவந்த 'மாரோவிண்ட்', விளைவுகளைச் சேர்த்துப் புதிய மந்திரத்தை ஆடுபவரே கோத்துக்கொள்ள இடம் தந்தது. பறத்தலும் அதில் இயன்றது. அதே 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' தொடரில் 2006-இல் வந்த 'ஆப்ளிவியன்' பறத்தலைக் கைவிட்டது. நகரங்கள் தனித்தனிக் களங்களாக அமைக்கப்பட்டமையால் மதிலைத் தாண்டிப் பறத்தல் பொருந்தாததாயிற்று. 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' மந்திரம் கோக்கும் வசதியையும் நீக்கியது. ஆக்குநரின் வசதிக்காக எழும் எல்லை, கதைக்குள் காரணம் பெறாதபோது இழப்பாகவே உணரப்படுகிறது. விந்தமலைக்கு ஒரு விந்தாகடிகையைப் படைத்த காப்பியப் புலவரின் திறம் இங்குப் புலனாகிறது.

சூழலும் சமூகமும்

ஐந்தாவது தீர்வு, மந்திரத்தின் விளைவைச் சூழலில் பரவவிடுதல். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' விளையாட்டில் எண்ணெய் தீப்பற்றும், நீரில் மின்னல் பாயும், பகைவனுக்கு இட்ட தீ நண்பனையும் சுடும். அந்நிறுவனமே 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3', டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தழுவியது. அதில் மனவொருமை தேவைப்படும் மந்திரங்களுள் ஒன்றை மட்டுமே ஒருவர் ஒருநேரத்தில் நிலைநிறுத்த முடியும். அடிபட்டால் அவ்வொருமை கலையக்கூடும். எண்ணும் பொருளும் மட்டுமன்றி, கவனமும் ஒரு செலவாக இங்கு அமைகிறது.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' எல்லையைச் சமூகத்தில் வைத்தது. அதன் உலகில் மந்திரவாதிகள் அஞ்சப்படுவோர். கோபுரங்களில் காவலுக்கு உட்பட்டு வாழ்வோர். ஆற்றலுடையவரை அரசும் சமயமும் எவ்வாறு நடத்துகின்றன என்னும் வினாவே அங்கு ஆட்டமாகிறது. உருமாறும் ஆற்றல் பெற்ற மணிமேகலை சிறைப்பட்டதோடு இதனை ஒப்புநோக்கலாம்.

நிறைவின் அளவுகோல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, மந்திரவாதியாக ஆடுதற்குரிய விளையாட்டைத் தெரிந்துகொள்வோர் கருதத்தக்க நான்கு வினாக்களைப் பெறலாம். மந்திரம் கற்றுப் பெறப்படுகிறதா, கடைச்சரக்காகக் கிடைக்கிறதா? அதற்குரிய செலவு ஆடுபவரைச் சிந்திக்கச் செய்கிறதா? போருக்கு வெளியேயும் அதற்குப் பயன் உண்டா? பலித்த மந்திரத்திற்குக் கதையுலகில் விளைவு உண்டா? முன்திட்டமிடலை விரும்புவோர்க்கு விசர்ட்ரி வழிவந்தனவும் பால்டர்ஸ் கேட் 3-உம் ஏற்றவை. கற்றறிந்து கோத்தலை விரும்புவோர்க்கு டன்ஜன் மாஸ்டரும் மாரோவிண்டும், சூழலோடு விளையாட விரும்புவோர்க்கு டிவினிட்டியும் நிறைவு தரும்.

இந்நான்கு வினாக்களுக்கும் மணிமேகலை 'ஆம்' என்று விடை தருகிறது. ஆயினும் இந்திய விளையாட்டு ஆக்கம் இத்திசையில் இன்னும் வளர இடமுண்டு. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனத்தின் 'ராஜி' (2020) தொன்மத்தை எடுத்துக்கொண்டு, தெய்வங்கள் தரும் படைக்கலங்களை முதன்மைப்படுத்தியது. டொராண்டோவின் விசை நிறுவனம் ஆக்கிய 'வெண்பா' (2023) கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் வாழ்வைச் சமையல் வழியே சொல்லி, தமிழ் வாழ்க்கை விளையாட்டுக்குப் பொருளாகும் என்பதைக் காட்டியது. இவ்விரண்டும் மந்திரவாதிப் பாத்திரத்தை மையமாகக் கொண்டவை அல்ல.

காப்பிய மந்திரங்களை விளையாட்டாக்க முற்படுவோர் அவற்றின் ஆற்றலை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லைகளை விட்டுவிடும் இடர் உண்டு. உதயகுமரனின் இறப்பு இல்லாத உருமாற்றமும், ஆதிரையின் பிச்சை இல்லாத அமுதசுரபியும் வெறும் வேடிக்கையாகவே எஞ்சும். வகுப்பறையிலும் இதே இடர் நேர்கிறது. இப்பகுதிகள் இயற்கையிறந்த நிகழ்ச்சிகள் என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கப்படும்போது, ஒவ்வொரு மந்திரத்திற்கும் புலவர் வகுத்த விதி மாணவர்க்குப் புலப்படாமற் போகிறது.

முடிவுரை

மந்திரவாதிப் பாத்திரத்தின் வரலாறு, 1974 முதல் இன்றுவரை, எல்லை வகுத்தலின் வரலாறாகவே அமைந்துள்ளது. மறதி, அளவு, பொருள், மொழி, சூழலும் சமூகமும் என ஆக்குநர்கள் கண்ட ஐந்து எல்லைகளுள் அளவு என்னும் ஒன்றே காப்பியங்களுக்கு அயலானது. காயசண்டிகை மறந்தாள், அமுதசுரபி பொருளாக நின்றது, கோவலன் சொல்லால் வஞ்சம் நீக்கினான், மணிமேகலையின் உருமாற்றம் பிறர் வாழ்வில் விளைவை ஏற்படுத்தியது. காப்பியப் புலவர் எவரும் மந்திரத்தை எண்ணிச் செலவழிக்கும் புள்ளியாகக் கருதவில்லை. இன்றைய விளையாட்டுகளில் மிகப் பரவியுள்ள முறையும் நிறைவு குறைந்த முறையும் அதுவே என்பது எண்ணத்தக்கது.

மந்திரங்கள் எத்தனை, யார் தந்தார், எதற்கு உதவும், எங்கே உதவாது, உதவியபின் என்ன நேர்ந்தது என்னும் ஐந்து வினாக்களோடு காப்பியப் பகுதிகளை மாணவர் அட்டவணைப்படுத்திப் பயிலலாம். விளையாட்டு ஆக்க விரும்புவோர்க்கு அவ்வட்டவணையே முதல் விதிநூலாக அமையும்.